கம்பளை லயத்துக்கு ஒரு முத்திரை

1935இல் இலங்கையில் நாட்டின் காட்சிகளைப் படமாகப் போட்ட புதிய முத்திரை வரிசையொன்று வெளிவரத் தொடங்கியது. 3 சத முத்திரையில் சிவனொளிபாத மலை. 6 சதத்தில் கொழும்புத் துறைமுகம். 25 சதத்தில் கண்டி தலதா மாளிகை. 50 சதத்தில் காட்டு யானைகள். 9 சத முத்திரையில் கொழுந்து பறிக்கும் காட்சி. மூன்று ஆண்டுகள் கழித்து ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து வரிசை வந்தபோது கொழுந்து பறித்தல் 20 சதத்துக்கு ஏறியது. சுதந்திரத்துக்குப் பின் 1950களில் 85 சத முத்திரையில் தேயிலைத் தோட்டம் இடம்பெற்றது. தேயிலைத் தொழிலுக்கு நூறு வயதான 1967இல் அதற்கென்றே நான்கு முத்திரைகள் வந்தன.

முத்திரை சேகரிப்போரின் பட்டியல்களில் அந்த 9 சத முத்திரைக்குப் பெயர் ‘கொழுந்து பறித்தல்’. தொழிலுக்குப் பெயர் இருக்கிறது, பறிப்பவருக்கு இல்லை. படத்தில் நிற்பவர் எந்தத் தோட்டத்துக்காரி, எத்தனை றாத்தல் எடுத்தால் அன்றைக்கு அவருக்கு முழுநாள் சம்பளமான முழுப்பேர் விழும், இராத்திரி எந்தக் காம்பராவில் படுப்பார் என்று கேட்கும் தேவை அதை வெளியிட்டவர்களுக்கு இருக்கவில்லை. தேயிலை விற்க வேண்டும். பச்சை மலையும் கூடை சுமந்த பெண்ணும் அதற்கு நல்ல விளம்பரம். கடித உறையில் ஏறி உலகெல்லாம் போன அந்தப் பெண், தான் வாழ்ந்த நாட்டில் யாராக மதிக்கப்பட்டார் என்பதை இதே முத்திரைகளின் ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவுக்காக 1949 பெப்ரவரியில் சிங்கக் கொடியும் டி. எஸ். சேனாநாயக்காவின் உருவமும் தாங்கிய முத்திரைகள் வந்தன. அதே 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அவருடைய வாக்கையும் எடுத்துவிட்டார்கள். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஒரு மக்கள் கூட்டம், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாமல் போனது. தேயிலைத் தோட்டம் மட்டும் முத்திரையில் தொடர்ந்து இருந்தது.

இந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு முத்திரை போதாது என்பது தெரிந்ததே. ஆனாலும் ஒரு முத்திரை வர வேண்டும். அது கம்பளையிலிருந்து வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு நூதனசாலை இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அது. நூதனசாலை என்றதும் கொழும்பு கறுவாத்தோட்டத்து வெள்ளை மாளிகையை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது நூதனசாலையாகவே தோன்றாது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயம் ஒன்றுதான் கட்டடம். தொழிலாளர்கள் தொழிலுக்கு எடுத்துப்போன கருவிகள், அடுப்படியில் புழங்கிய பாத்திரங்கள், வாசித்த மேளங்கள், பத்திரப்படுத்தி வைத்திருந்த கடதாசிகள், படங்கள் எல்லாம் அவர்கள் வாழ்ந்த மாதிரியான காம்பராக்களிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. பொருளைப் பார்க்கப் போகிறவர் முதலில் குனிந்து அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை எப்படி ஒன்றாகப் படுத்தெழும்பியது என்பதை அங்கே யாரும் விளக்கத் தேவையில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் இன்னொரு தேயிலை நூதனசாலை உண்டு. 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மாடிகளில் இயந்திரங்கள், உருளைகள், லூல்கந்தூரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள் என்று நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது தேயிலையின் நூதனசாலை. கம்பளையில் இருப்பது தேயிலை பறித்தவர்களின் நூதனசாலை. தேயிலைக்கு நம் தபால் திணைக்களம் செலுத்த வேண்டிய மரியாதையை நிறையவே செலுத்திவிட்டது. இனி மற்றதன் முறை.

ஏன் கம்பளை என்று கேட்டால், மலையகத்தின் கதை தொடங்கிய ஊர் அது. 1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளை சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். காட்டை அழித்துக் கோப்பி நட உள்ளூர்ச் சிங்களக் குடியானவர்கள் கூலிக்கு வரவில்லை, அவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். அதைத்தான் நாம் 2023இல் ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்தோம். முன்னோர் நடந்த வழியிலேயே ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் மலையகத்தவரோடு வடக்கிலும் தெற்கிலும் இருந்து வந்தவர்களும் கால் நோக நடந்தார்கள். முன்னோரின் அந்த நடைவழியின் முதல் முகவரிகளில் ஒன்று இன்றைக்குக் கம்பளை நகரத்தோடு ஒட்டிக் கிடக்கும் சிங்ஹபிட்டிய. அங்கே ஒரு நினைவுக்கல்லாவது நிற்க வேண்டும். முத்திரை வந்தால் கல்லும் பின்னால் வரும் என்று நம்புகிறேன்.

கம்பளையின் மண்ணைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் தமிழ் அதற்கும் முன்பே கிடைக்கும். பதினான்காம் நூற்றாண்டில் கங்காசிறிபுர என்ற பெயரோடு இது அரசர்களின் தலைநகரம். நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344இல், கண்டிக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட உடுநுவரவில் இரண்டு பெரிய பௌத்த ஆலயங்கள் எழுந்தன. கடலாதெனியவைக் கட்டிய சிற்பாசாரி கணேஸ்வராசாரி, லங்காதிலகவைக் கட்டியவர் ஸ்தபதிராயர். இருவருமே தென்னிந்தியச் சிற்ப மரபைச் சேர்ந்தவர்கள். கடலாதெனியவின் கருங்கல் தூண்களின் முன்னால் நின்று பார்க்கும் யாருக்கும் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபமொன்றின் நினைவு வரும். லங்காதிலகவின் பாறையில் அந்த விகாரைக்கு விடப்பட்ட மானியங்கள் சிங்களத்திலும் வெட்டப்பட்டிருக்கின்றன, தமிழிலும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பௌத்த விகாரையின் பாறை, இரண்டு மொழி. அந்தக் காலத்தில் மொழிச் சட்டமும் இருக்கவில்லை, மொழி ஆணைக்குழுவும் இருக்கவில்லை. படிக்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்ற எண்ணம் அரசனின் அதிகாரிகளுக்கு இருந்திருக்கிறது.

அதற்குக் கொஞ்சத் தூரத்தில் எம்பெக்கே தேவாலயம், கதிர்காமத் தெய்வத்துக்கு. மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் கட்டியது என்பது வழக்கு. அதன் மரத்தூண்களில் செதுக்கிய மல்லர்களையும் அன்னங்களையும் இரட்டைத்தலைப் பறவையையும் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். கம்பளை நகரத்துக்குள் கஹட்டப்பிட்டியப் பள்ளிவாசலில் இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம் இருக்கிறது, எல்லாச் சமயத்தவரும் போகிறார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்துக்கு முன்னோடியாக நீதிமன்றம் வரை போன பெரஹெர வழக்கு இந்த ஊரினுடையது. வல்லஹாகொட தேவாலயத்துப் பெரஹெர மேளம் கொட்டிக்கொண்டு பள்ளிவாசலைக் கடந்து போகலாமா என்பதில் தொடங்கிய பிணக்கு அது. சேர்ந்து வாழ்ந்ததும் இங்கேதான், முட்டிக்கொண்டதும் இங்கேதான். இத்தனையும் உள்ள ஊரின் பண்பாட்டை ஒரு முத்திரைத் தொகுதியில் கொண்டுவருவதென்றால், தொழிலாளர் நூதனசாலையை நடுவில் வைத்து, லங்காதிலகவின் இருமொழிக் கல்வெட்டைப் பக்கத்தில் வைக்கலாம். ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் இந்த மலைக்கு வேலைக்கு வந்த இரு வகைத் தமிழ்க் கைகள் அப்போது ஒரே தாளில் இருக்கும். ஒன்று உளி பிடித்தது, மரியாதையோடு அழைக்கப்பட்டது, அதன் பெயரும் நிலைத்தது. மற்றது கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் பிடித்தது, செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் எண்ணாகப் பதிந்தது.

அப்படியானால் நூதனசாலை முத்திரையில் என்ன படம் வர வேண்டும்? முதலில், எது வரக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். சிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளும் பெண் மீண்டும் வரக்கூடாது. தொண்ணூறு ஆண்டுகளாக அவரைச் சிரிக்க வைத்துவிட்டோம்.

என்னைக் கேட்டால் தகரத் துண்டைப் போடச் சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்த தட்டப்பாறை முகாமிலும் பின்னர் மண்டபம் முகாமிலும் இலங்கைக்குப் புறப்பட்ட தொழிலாளியின் கையில் ஒரு சிறு தகர வில்லையைக் கொடுத்தார்கள். போய்ச் சேர வேண்டிய தோட்டத்துக்கான எண் அதில் அடித்திருக்கும். அந்த வில்லை இருந்தால் ரயில் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும், ஆளும் தோட்டத்தில் போய்ச் சேர்வார். விலாசம் எழுதி, கட்டணம் தீர்த்து, பார்சல் அனுப்புவது போல மனிதரை அனுப்பினார்கள். இலங்கைத் தபால் வரலாறு பேசுகிறவர்கள் 1857 ஏப்ரல் முதலாம் திகதி வெளிவந்த விக்டோரியா மகாராணியின் 6 பென்ஸ் முத்திரையிலிருந்து தொடங்குவார்கள். அந்த வரலாற்றின் ஓரத்தில் இந்தத் தகரத் துண்டுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் ஓடத் தொடங்கியபின் ஆட்களும் கடிதங்களும் ஒரே வழியில் வந்தார்கள். அந்த வழியில் ஓடிய ரயிலுக்குப் பெயரே போட் மெயில், தபாலைக் கொண்டுவரும் வண்டி. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வழியே திரும்பிப் போகும் வழியாயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சம் பேரின் தலையெழுத்தைப் பத்து ஆண்டுகள் கழித்து எழுதினார்கள். மலையக ரயில் நிலையங்களில் அழுகைச் சத்தம் கேட்காத நாள் குறைவு. அவர்களை ஏற்றிப்போன வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அட்டன், நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து புறப்பட்ட எந்த வண்டியும் கம்பளை நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தாய் இங்கே, மகள் கூடலூரில், கோத்தகிரியில். அதன்பிறகு அந்த உறவுக்கு மிஞ்சியது தபால் ஒன்றுதான். சாவுச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி, பூப்பு நீராட்டு, கலியாணப் பத்திரிகை எல்லாம் முத்திரை ஒட்டித்தான் கடலைக் கடந்தன. எழுதத் தெரியாதவர்கள் தோட்டத்து வாத்தியாரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அந்தக் கடிதங்களில் எத்தனை பெட்டிகளுக்குள் மக்கிப்போயின, எத்தனை கறையானுக்குப் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கம்பளை ஆவணக் காப்பகம் சேர்க்க வேண்டியவற்றில் முதலிடம் அவற்றுக்குத்தான். இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது அப்படிக் கடிதம் இருந்தால் உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். முத்திரையும் தபால் குத்தும் சேர்ந்ததுதான் ஆவணம்.

இனி, கலைகள். தப்பு மேளம் இல்லாமல் தோட்டத்து விடியலும் இல்லை, சாவும் இல்லை, திருவிழாவும் இல்லை. மாசி அமாவாசை முடிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, ரதியும் மன்மதனும் ஊர்வலம் வந்து, கடைசியில் காமன் எரியும் வரை நடக்கும் காமன் கூத்து தமிழ்நாட்டின் பல ஊர்களில் மங்கிவிட்டது. மலையகத் தோட்டங்களில் அது இன்னும் ஊன்றப்படுகிறது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படியே. தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலாக நிற்கும் ரோதைமுனி என்ற சாமியை இந்த மக்கள் இங்கே வந்த பிறகே உண்டாக்கினார்கள். ஊரில் விட்டு வந்த தெய்வங்கள் புதிய ஆபத்துகளுக்குப் போதவில்லை. சக்கரத்தில் கை போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சாமி வேண்டியிருந்தது. முத்திரை ஓவியர் ஒருவர் ரோதைமுனியை வரைந்தால் அதைப்போல வேறொரு நாட்டு முத்திரையிலும் பார்க்க முடியாது.

போராட்டமும் பண்பாட்டில் சேர்ந்ததுதான். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் பேச்சோடு அவர் மனைவி மீனாட்சி அம்மையாரின் பாட்டும் மேடை ஏறிய காலம் ஒன்று இருந்தது. ஹேவாஹெட்டையில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் போய் மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவர்கள் எல்லாரும் இலங்கை வரலாற்றின் ஆட்கள், ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியவர்கள் அல்லர்.

நூதனசாலைக்கு முத்திரை வெளியிடுவது புதிய காரியமல்ல. 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2003இல் முத்திரைகள் வெளியிட்டது. அது சோழர் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் உள்ள இடம். எங்கள் லயத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மொரீஷியஸைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட் படித்துறை 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அரசர் கட்டிய கோட்டை அல்ல அது, தொழிலாளர்கள் ஏறிவந்த சில கல்படிகளும் கொட்டில்களும்தான். கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள லயம் நம் சொந்த முத்திரையில் ஏறக்கூடாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

எதிர்ப்பும் எங்களுக்குள்ளிருந்தே வரும். “லயத்தைக் கொண்டாடுவதா? அதிலிருந்து வெளியே வரத்தானே இத்தனை போராட்டம்!” என்று தோட்டத்தில் பிறந்து படித்து ஆளான இளைஞர்கள் கேட்பார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். லய வாழ்க்கை பெருமைக்குரியதல்ல. மழைக்கு ஒழுகும் தகரமும், பத்துக் குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலியும், மண்சரிவுப் பயமும் யாரும் ஆசைப்பட்டு வாழும் வாழ்க்கை அல்ல. ஆனால் அந்த அறைக்குள்ளிருந்து ஒரு மொழியையும் கலையையும் தொழிற்சங்கத்தையும் இலக்கியத்தையும் கட்டி எழுப்பியது பெருமைக்குரியது. அறையை மறைத்துவிட்டு அதற்குள் எழுந்ததை மட்டும் காட்ட முடியாது. லயம் நூதனசாலையில் மட்டும் இருக்கும் காலம் வர வேண்டும் என்பதற்காகவே நூதனசாலையிலுள்ள லயத்தை முத்திரையில் போட வேண்டும் என்கிறேன். இன்றைக்கோ அந்த நூதனசாலையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் அதே மாதிரி லயங்களில் மனிதர்கள் சமைப்பதையும் பிள்ளை வளர்ப்பதையும் காண்கிறார். காட்சிப்பொருள் எது, வாழ்க்கை எது என்று அவர் தடுமாறுவது நம் எல்லோருக்கும் வெட்கம்.

இந்த நாளில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று இன்னொரு கேள்வி. சொந்தக்காரருக்கு எழுதுவது நின்றுவிட்டது உண்மை. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு, வங்கிக் கடிதம், நீதிமன்றக் கட்டளை, பல்கலைக்கழக அனுமதி இன்னும் தபாலில்தான் வருகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை திரும்பும் இடங்களும் இவைதான். பல தோட்டங்களில் கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கு வருகிறது. அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படுகிறது, அல்லது யாராவது போய்க் கேட்கும் வரை கிடக்கிறது. லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை, காம்பராவுக்கு இலக்கம் இல்லை. பெயரும் தோட்டமும் பிரிவும் மட்டுமே விலாசம். ஒரே பிரிவில் மூன்று கருப்பையா இருந்தால் கடிதம் எந்தக் கருப்பையாவுக்கு? திகதி தாண்டிக் கிடைத்த அழைப்புக் கடிதத்தால் வேலை போனது என்ற கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

ஆகவே இந்த முத்திரை ஆல்பத்தில் போட்டுவைக்கும் அழகுப் பொருளாக முடிந்துவிடக்கூடாது. பெரிய விலையில் ஒன்றிரண்டாயிரம் அச்சடித்து, கொழும்பு மண்டபமொன்றில் விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி முடித்துவிடுவதானால் அது வரவே வேண்டாம். சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டும் விலையில், நாடெங்கும் தபாலகக் கவுண்டரில் கேட்காமலே கிழித்துக் கொடுக்கும் அளவுக்கு அச்சிட வேண்டும். மாத்தறையிலோ அநுராதபுரத்திலோ உள்ள ஒரு சிங்களப் பிள்ளை, லய வாசலையும் தகரத் துண்டையும் முத்திரையில் பார்த்து இது என்ன என்று தன் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். முதல்நாள் உறையில் கம்பளைத் தபாலகத்தின் குத்து விழ வேண்டும். வெளியீடு நூதனசாலை முற்றத்தில், தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து நிற்கக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும். உறையில் அச்சாகும் தமிழை அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். அரசாங்கப் பலகைகளில் நம் மொழி படும் பாட்டைத் தெரிந்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும்.

2027இல் இந்த நூதனசாலைக்கு இருபது வயது. தேயிலைத் தொழிலுக்கு நூற்று அறுபது. காலம் அதிகமில்லை. கம்பளை நகரசபையும் உடபளாத்த பிரதேச செயலகமும் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகத்துக்கு இப்போதே எழுத வேண்டும். கண்டி மாவட்டத்துச் சிங்கள, முஸ்லிம் உறுப்பினர்களின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும், இது கம்பளையின் முத்திரை என்பதால். அந்த விண்ணப்பத்தோடு இரண்டாவது கடதாசி ஒன்றும் போக வேண்டும். முத்திரை வெளியாகும் நாளுக்கு முன், கண்டி மாவட்டத்திலுள்ள தோட்டங்களின் லயக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் இலக்கமும், லயத்துப் பாதைக்குப் பெயரும், தபாற்காரர் வாசல் வரை வரும் ஏற்பாடும் கேட்டு எழுதிய கோரிக்கை அது.